மலையகத்துச் சிறு இணையக் கடைக்குப் பொருட்படங்களைத் தயார்செய்து தரவேற்றும் முறை

ஹற்றனிலோ பண்டாரவளையிலோ வீட்டிலிருந்தபடியே தேயிலைப் பக்கற்றுகளையும் கம்பளிப் பின்னல்களையும் ஸ்ட்ரோபரி ஜாமையும் இணையத்தில் விற்கத் தொடங்குகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்தக் கெமரா வாங்க வேண்டும் என்பதைத்தான். கையிலுள்ள தொலைபேசியே அதற்குப் போதும். ஒற்றைக் கோடு சிக்னலில் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அந்தப் படம் திறக்குமா, இரண்டு வருடம் கழித்தும் அது வைத்த இடத்திலேயே இருக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கே நேரத்தைச் செலவிட வேண்டும். கடையின் உழைப்பெல்லாம் கடைசியில் அந்தப் படத்தின் வழியாகவே வாங்குபவரின் கண்ணுக்குப் போய்ச் சேருகிறது.

படம் எடுக்கும்போது நம் ஊர் வெளிச்சத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால், ஜன்னல் வழியே வரும் ஒளி நீலம் பாய்ந்து, செந்நிறப் பொருளையும் சாம்பல் படிந்ததுபோலக் காட்டும். தொடக்கத்தில் அப்படியொரு மாலையில் நான் எடுத்த மண்ணிறச் சால்வையின் படத்தைப் பார்த்து வாங்கிய ஒருவர், தான் பார்த்த நிறம் இதுவல்ல என்று அதைத் திருப்பி அனுப்பினார். பிழை என்னுடையது என்பதால் தபாற்செலவையும் நானே ஏற்றேன். அதன் பிறகு காலை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில், ஜன்னலோரத்தில், மின்குமிழை அணைத்துவிட்டு மட்டுமே எடுக்கிறேன். மஞ்சள் குமிழும் ஜன்னல் ஒளியும் கலந்தால் எந்த மென்பொருளாலும் அந்த நிறத்தை முழுமையாகச் சீராக்க முடியாது. பொருளுக்கு அடியில் வெள்ளை பிரிஸ்டல் போர்ட் ஒன்றை விரித்து, ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு ரெஜிபோம் பலகையை நிமிர்த்தி வைத்தால், நிழல் விழும் பக்கமும் தெளியும். குளிரிலிருந்து அடுப்புச் சூடுள்ள அறைக்குள் கொண்டுவந்த தொலைபேசியின் வில்லையில் ஆவி படிந்திருக்கும். பருத்தித் துணியால் துடைத்துவிட்டு எடுங்கள்.

தேயிலை விற்பவர்கள் பக்கற்றை மட்டும் காட்டினால் போதாது. பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற இரு தேயிலைத் தரங்களுக்கும் உள்ள வேறுபாடு துகளின் பருமனில் இருப்பதால், ஒரு தேக்கரண்டியில் தூளை எடுத்து, கரண்டியின் விளிம்பு தெரியும்படி நெருங்கி ஒரு படமும், வெள்ளைக் கோப்பையில் வடித்த சாயத்தின் நிறத்தை மேலிருந்து ஒரு படமும் எடுக்க வேண்டும். தேயிலை தெரிந்தவர் அந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார்.

எடுத்த படத்தைக் கணினிக்கு மாற்றும்போதே பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, நெய்த நூலின் இழையெல்லாம் குழம்பிப் போகும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே வந்து சேரும், கேபிளால் இணைத்து எடுப்பது அதைவிட நல்லது. மூலப்படங்களைத் தனிக் கோப்புறையில் வைத்து, ஒரு பிரதியைப் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளுங்கள். கெமராவின் இட அடையாளத்தையும் அணைத்துவிட வேண்டும். இல்லையேல், எடுத்த இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் கோப்பினுள்ளே பதிந்து, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பதை யாரும் அறியும்படி ஆகிவிடும்.

அடுத்து அளவு. 12 மெகாபிக்சல் தொலைபேசிப் படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டது, பெரும்பாலும் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒருவருக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட் வேகமே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதாவது விநாடிக்கு 125 கிலோபைட், நான்கு மெகாபைட் படம் ஒன்று இறங்க அரை நிமிடத்துக்கும் மேலாகும்; அதே படம் 150 கிலோபைட்டாக இருந்தால் ஒரு விநாடி சற்று மிகும், அவ்வளவுதான். ரீலோட் போட்டு அளந்து அளந்து டேட்டா பாவிக்கும் மக்களிடம் நாம் விற்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். ஆகவே நீளமான பக்கத்தை 1600 புள்ளிகளுக்குக் குறைத்து, தரத்தை நூற்றுக்கு 75 முதல் 80 வரை வைத்துச் சேமித்தால், பெரிதாக்கிப் பார்ப்பவருக்கும் இழை தெரியும், கோப்பும் பெரும்பாலும் 200 கிலோபைட்டைச் சுற்றியே அமையும். கம்பளிப் பின்னல் போன்ற நுண்ணிய பரப்புகள் சற்றுக் கூடுதலாக இடம் பிடிக்கும். அதைக் குறைக்கப்போய் இழையை இழக்காதீர்கள். கூகுளின் ஸ்குவூஷ் (Squoosh) என்ற இலவசக் கருவி உலாவிக்குள்ளேயே இந்த வேலையைச் செய்கிறது. படம் வெளியே எங்கும் அனுப்பப்படுவதில்லை என்பதால் டேட்டாவும் வீணாகாது.

வடிவத்தைப் பொறுத்தவரை, புகைப்படங்களுக்கு ஜேபெக் (JPEG) அல்லது வெப்பி (WebP), இலச்சினைக்கு மட்டும் பிஎன்ஜி (PNG) என்று வைத்துக்கொள்ளலாம். 2010இல் கூகுள் அறிமுகப்படுத்திய வெப்பி, ஒத்த தரத்தில் ஜேபெக்கைவிடச் சிறியதாக இருக்கும், இன்றைய உலாவிகள் எல்லாம் அதைத் திறக்கும். 2017 முதல் ஐபோன்கள் ஹெயிக் (HEIC) என்ற வடிவத்தில் சேமிக்கின்றன. பல உலாவிகளில் அது திறக்காது என்பதால், கெமரா அமைப்புக்குள் போய் ஜேபெக்குக்கு மாற்றிவிட்டே படம் எடுக்கத் தொடங்குங்கள்.

கோப்பின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கிடையே சிறு கோடிட்டு எழுதுங்கள். தமிழில் பெயர் வைக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ‘தேயிலை’ என்ற மூன்றெழுத்துச் சொல், இணைய முகவரிக்குள் போனதும் விழுக்காட்டுக் குறிகளாலான 54 குறியீடுகளாக நீண்டு, பிறருக்கு அனுப்பும்போது பாதியில் முறிந்துவிடும். தமிழுக்குரிய இடம், படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படுவதற்கென அதனோடு இணைத்து எழுதும் மாற்று விவரணம் (alt text). ‘கரண்டியில் எடுத்த பி.ஓ.பி. தேயிலைத்தூள், கருமண்ணிறம்’ என்று அதில் எழுதினால், திரைவாசிப்பான் பாவிக்கும் பார்வையற்றவருக்கும், படம் இறங்காமல் காத்திருப்பவருக்கும் பொருள் விளங்கும்.

இனிப் படத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி. நான் மிக அதிகமாக வலியுறுத்துவது இதைத்தான். இலவசமாகப் படம் ஏற்றித் தரும் தளத்தில் வைத்து, அதன் முகவரியைக் கடைப் பக்கத்தில் ஒட்டுவது எளிது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். தீபாவளிக்கு முந்திய வாரம் ஒரு காலையில் அந்தத் தளம் வெளி இணைப்புகளை நிறுத்திவிட, அறுபதுக்கு மேற்பட்ட பொருட்களின் இடத்தில் வெற்றுக் கட்டங்களே நின்றன. எனக்கு மட்டும் நேர்ந்த கதையும் அல்ல இது. 2017இல் ஃபோட்டோபக்கெட் நிறுவனம் பிற தளங்களில் படங்களைக் காட்டுவதற்கு வருடத்துக்கு ஏறத்தாழ 400 டொலர் கட்டணம் கேட்டபோது, உலகெங்கும் எண்ணற்ற விற்பனைப் பக்கங்கள் படமிழந்தன. பேஸ்புக்கில் ஏற்றிய படத்தின் முகவரியை நகலெடுத்து ஒட்டுவதும் நிலைக்காது. அந்த முகவரிக்குள்ளேயே காலாவதித் திகதி பொதிந்திருக்கிறது. கூகுள் டிரைவ் கோப்புகளைப் பகிர்வதற்கானது, கடைக்குப் படம் பரிமாறுவதற்கானதல்ல. உங்கள் சொந்த டொமைனின், அதாவது உங்கள் பெயரில் பதிந்த இணைய முகவரியின் கீழ், நீங்கள் பணம் கட்டும் இடத்திலேயே படங்கள் இருக்கட்டும். நாளை நிறுவனத்தை மாற்றினாலும், கோப்புகளைப் புதிய இடத்துக்கு எடுத்துப்போய் அதே முகவரிகளை வைத்துக்கொள்ளலாம்.

வேர்ட்பிரஸில் கடை வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அது பல அளவுகளில் பிரதிகளை உருவாக்குவதால், நூறு படங்கள் சில நூறு கோப்புகளாகிவிடும். தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சிறிய ஹோஸ்டிங் திட்டத்தில் இடம் விரைவில் நிரம்புவதற்கு இதுவே காரணம். சொபிபை (Shopify) என்ற இணையக்கடைச் சேவையில் இந்தக் கவலை இல்லை, சதுரமாக 2048 புள்ளிகளில் ஏற்றினால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எந்தத் தளமாயினும் எல்லாப் பொருட்படங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும் நின்றால் பட்டியல் ஒழுங்கற்றுத் தெரியும்.

மழை நாட்களில் நம் பக்கத்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஐம்பது படங்களை ஒரேயடியாக ஏற்றத் தொடங்கி நடுவில் அறுந்தால், எது போனது எது போகவில்லை என்று தேடுவதிலேயே அன்றைய பொழுது கழியும். ஐந்தைந்தாக, இரவு பத்துக்குப் பிறகு ஏற்றுவதே என் வழக்கம். டவுனுக்குப் போகும் நாளில் கொமியூனிகேஷன் கடையின் கணினியில் ஏற்றுவதென்றால், வேலை முடிந்ததும் உங்கள் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஏற்கெனவே உள்ள படத்தை மாற்றும்போது பழைய பெயரையே வைத்தால், வாடிக்கையாளரின் உலாவி சேமித்து வைத்திருக்கும் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பெயரின் இறுதியில் இரண்டு, மூன்று என எண்ணைச் சேர்த்துப் புதிய கோப்பாக ஏற்றினால் அந்தச் சிக்கல் வராது.

எல்லாம் ஏற்றிய பின், வைஃபையை அணைத்துவிட்டு, உலாவியின் மறைமுகச் சாளரத்தில், சிக்னல் மிகக் குறைவாக உள்ள ஓரிடத்தில் நின்று உங்கள் கடையைத் திறந்து பாருங்கள். நான் எங்கள் வீட்டுக்குக் கீழே தேயிலை மலைப் பாதையின் திருப்பத்தில் நின்று பார்ப்பேன். முதல் படம் தெரிய ஐந்து விநாடிக்கு மேலானால், அந்தப் படத்தின் மூலத்தைத் திறந்து 1200 புள்ளிகளுக்குக் குறைத்து, புதுப் பெயரில் மறுபடி ஏற்றிவிட்டு, அதே திருப்பத்தில் நின்று இன்னொரு முறை திறந்து பார்க்கிறேன்.