பூந்தண்டில் முளைக்கும் ஆர்க்கிட் குட்டி

பலெனாப்சிஸ் ஆர்க்கிட்டின் பூந்தண்டில், மொட்டு வரவேண்டிய கணுவில் இலை முளைக்கிறதா? நோயென்று நறுக்கி எறிந்துவிடாதீர்கள். அது குட்டிச் செடி, ‘கெய்கி’ என்பார்கள். வெப்பமும் தழைச்சத்தும் கூடினால் இப்படி வரும். ஆனால் தாய்ச்செடியின் நடுக்குருத்தையும் தொட்டுப் பாருங்கள். கறுத்துக் கொழகொழத்திருந்தால் குருத்தழுகல். தாய்ச்செடி செத்துப் போவதற்குள் வாரிசு விடுகிறது!

குருத்து உறுதியாக இருந்தால் அவசரமே இல்லை. குட்டிக்கு இரண்டு மூன்று இலைகளும் 5 முதல் 7 செ.மீ. நீள வேர்களும் வரும்வரை தண்டிலேயே இருக்கட்டும்; வேர்மீது அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். பிறகு ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால், இருபுறமும் சிறிது தண்டோடு வெட்டி எடுங்கள். வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத்தூள் தடவலாம்; வேரில் பட்டால் காய்ந்துவிடும். நடுவதற்குத் தேங்காய் மட்டைத் துண்டுகள் போதும், தோட்டத்து மண் வேண்டவே வேண்டாம்.