சென்னை மாடிக்குத் தவசிக்கீரை
சித்திரை வெயிலில் சிறுகீரை கருகிப்போகிறது என்பவர்கள் ஒருமுறை தவசிக்கீரை வைத்துப் பாருங்கள், இதற்கு விதையே வேண்டாம். பென்சில் தடிமனில் முற்றிய குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு நிழலில் வைத்தால், மூன்று வாரத்துக்குள் கணுவோரம் பச்சைப் பொட்டு மாதிரி துளிர் எட்டிப் பார்க்கும். அப்புறம் அரை நிழல் போதும், தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. இடுப்பளவு வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை நிறைய வரும். பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தால் பச்சைப்பட்டாணி ருசி! ஆனால் தயவுசெய்து பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிக்காதீர்கள்: 1990களில் தைவானில் உடல் இளைக்க அப்படிக் குடித்த பலருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் நன்றாக வேகவைத்து, வாரம் ஒரு நாள்தான்.