திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

லண்டனில் சனிக்கிழமைதோறும் பழைய பொருள் தேடப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி: "காயலான் கடைக்கா?" அப்படியும் சொல்லலாம்தான். இங்கே ஏறக்குறைய எல்லாக் கடைத்தெருவிலும் ஒரு சாரிட்டி கடையாவது இருக்கும். வீட்டில் வேண்டாததை மக்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். அதை விற்று வரும் காசு இதயநோய் ஆராய்ச்சிக்கோ, முதியோருக்கோ, பஞ்ச நிவாரணத்துக்கோ போகும். 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் பஞ்ச நிவாரணக் குழுவாகத் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம், அந்த நாற்பதுகளின் கடைசியில் பிராட் தெருவில் திறந்த கடை இன்னும் நடக்கிறது.

பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு முடியும் வரை பொழுதுபோக்கத்தான் நான் முதலில் உள்ளே நுழைந்தேன். அதற்குப் பிறகு செய்யாத தவறு இல்லை.

முதல் தவறு, பட்டியல் போட்டுக்கொண்டு போவது. நாலு பீங்கான் கோப்பை, ஒரு கம்பளிக் கோட்டு என்று எழுதிக்கொண்டு போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அன்றைக்கு அந்தப் பகுதியில் யார் வீட்டைக் காலி செய்தார்களோ, அதுதான் அலமாரியில் இருக்கும். ஒரு பாட்டி இறந்துபோனால் அவர் பின்னிய மேசை விரிப்பு, பின்னல் ஊசிகள், விருந்தாளிக்கென்று எடுத்துவைத்த தேநீர்க் கோப்பைகள் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே கடைக்கு வந்து சேரும். எப்போதோ ஒருநாள் மூன்று மணி நேரம் துழாவுவதைவிட, வாராவாரம் பத்து நிமிடம் எட்டிப் பார்ப்பது மேல். பணக்காரப் பகுதிக்குப் போனால்தான் நல்ல சரக்கு கிடைக்கும் என்பதிலும் பாதிதான் உண்மை. செல்சியிலும் கென்சிங்டனிலும் சரக்கு நல்லதுதான். ஆனால் அங்கே விலைச்சீட்டு ஒட்டுபவர்களுக்கும் அது தெரியும். ரைஸ்லிப், ஈஸ்ட்கோட் போன்ற புறநகர்ப் பக்கம் போனால் அவர்கள் கவனிக்காமல் விட்டது உங்கள் கையில் அகப்படலாம்.

இனி வெள்ளிக்கு வருவோம். நான் அதிகம் ஏமாந்தது இதில்தான். எட்டு பவுண்டுக்கு ஒரு தேநீர்க் கெட்டில் கிடைத்தது. அடியில் வரிசையாக நாலு குட்டி முத்திரைகள். வெள்ளி என்று நினைத்து அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் ஈ, பி, என், எஸ் என்று நாலு எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் கேடயத்துக்குள். மின்முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்று பொருள். நிக்கல் சில்வரில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான் உண்டு. பெயரில் இருக்கும் வெள்ளி உள்ளே கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் அசல் முத்திரை போலத் தெரியட்டும் என்றே பல பட்டறைக்காரர்கள் எழுத்துகளை இப்படிப் பிரித்துக் குத்தினார்கள்.

அசல் ஆங்கிலேய வெள்ளியில் நடக்கும் சிங்கம் ஒன்று இருக்கும். கூடவே வெள்ளியைச் சோதித்த ஊரின் முத்திரை: லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், ஷெஃபீல்டுக்கு 1974 வரை கிரீடம், அதற்குப் பிறகு ரோஜா. எந்த வருடம் சோதிக்கப்பட்டது என்பதை ஓர் எழுத்து சொல்லும். 1999 முதல் சிங்கம் கட்டாயமில்லை, அதற்குப் பதில் 925 என்ற எண் போதும், அதாவது ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. தங்கத்துக்கு 916 பார்த்துப் பழகிய நமக்கு இங்கே அதிகம் கண்ணில் படுவது 375, அதாவது ஒன்பது காரட். மதுரையில் காட்டினால் சிரிப்பார்கள். இங்கே அதிலும் கல்யாண மோதிரம் உண்டு.

சிங்கம் இல்லாவிட்டால் வெள்ளியே இல்லை என்று கீழே வைத்துவிடுவது இதற்கு நேர்எதிரான தவறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸில் பி. ஆர் அண்ட் சன்ஸ் போன்ற கடைகள் தெய்வ உருவங்களைப் புடைப்பாக அடித்து வெள்ளிச் சாமான் செய்து வெள்ளைக்காரர்களுக்கு விற்றன. 'சுவாமி' வேலைப்பாடு என்று அதற்குப் பெயர். அவற்றில் கடையின் பெயர் இருக்கலாம், இங்கிலாந்துச் சிங்கம் இருக்காது. ஒன்றாவது என் கையில் கிடைக்காதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கெட்டிலோடு இன்னொரு தவறும் செய்தேன். புளி போட்டு ஊறவைத்து, துலக்கும் பொடியும் நாருமாகத் தேய்தேய் என்று தேய்த்தேன். முலாம் முடியைவிட மெல்லியது. மூக்குப் பக்கமெல்லாம் பூச்சு போய் அடியிலுள்ள மஞ்சள் எட்டிப் பார்த்தது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதுமாக இருந்திருக்கும். பழம் பித்தளையையும் தேய்க்கக் கூடாது, அந்தக் கருமைதான் அதற்கு மதிப்பு என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். விற்பதாக இருந்தால் சரி. என் வீட்டுக் குத்துவிளக்கு வியாழக்கிழமை சாயங்காலம் புளி கண்டே தீரும்.

பீங்கானில் பின்பக்கம் பார்க்கத் தெரியாதவரைவிட அரைகுறையாகப் பார்ப்பவரே அதிகம் ஏமாறுகிறார். வெட்ஜ்வுட் தட்டின் அடியில் 1759 என்றிருந்தால் அது நிறுவனம் தொடங்கிய வருடம். தட்டு போன மாதம் செய்ததாகக்கூட இருக்கலாம். 'ஓல்ட் கன்ட்ரி ரோசஸ்' என்ற ரோஜாப்பூக் கோப்பைகளைப் பார்த்தால் விக்டோரியா மகாராணி காலத்தவை போலிருக்கும். ராயல் ஆல்பர்ட் நிறுவனம் அந்த வடிவத்தைக் கொண்டுவந்தது 1962இல்தான். 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா போட்ட சுங்கச் சட்டம் மறு வருடம் நடைமுறைக்கு வந்ததன் விளைவு அது. 'டிஷ்வாஷரில் கழுவலாம்' என்று எழுதியிருந்தால் வயதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க நம் பாட்டி மண்பானை வாங்கிய வழியே போதும். விரலால் சுண்டினால் கணீர் என்று கேட்க வேண்டும். 'தொத்' என்றால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல். தங்கக் கரை போட்டதை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், பொறி பறக்கும். பழைய வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். ஆகையால் அழகான பழைய கிண்ணத்தில் ரசமும் ஊறுகாயும் வேண்டாம், சுவரில் மாட்டுங்கள்.

துணியில் அளவுச் சீட்டை நம்புவது பெரிய தவறு. அறுபதுகளின் 14, இன்றைய 14ஐவிடச் சிறியது, இடுப்பில் ஏறாது. மேலே பிடித்துப் பாருங்கள், முடிந்தால் போட்டே பாருங்கள். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 1928 முதல் 2000 வரை 'செயின்ட் மைக்கேல்' என்ற பெயரில் துணி விற்றது. அந்தச் சீட்டு இருந்தால் குறைந்தது கால் நூற்றாண்டு வயது. கம்பளியை நேராக அலமாரியில் வைத்தால் அந்துப்பூச்சி மற்றவற்றையும் தின்னும். பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். என் வீட்டில் மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் கிடக்கும்.

பேரம் பேசாதீர்கள். கொத்தவால் சாவடிப் பழக்கம் இங்கே எடுபடாது. கல்லாவில் நிற்பவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர், குறைத்துக் கேட்டால் சங்கடப்படுவார். யானைத் தந்தப் பிடி போட்ட கத்தி கண்ணில் பட்டால், வாங்கி விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 2022 ஜூன் முதல் மிகச் சில விலக்குகள் தவிரத் தந்த வியாபாரம் இங்கே குற்றம். கடைக்குள் நின்றே ஃபோனில் விலை தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே தெரிவது யாரோ ஆசைப்பட்டுக் கேட்கும் விலை. விற்றுமுடிந்த விலையைத் தனியாகத் தேடிப் பாருங்கள், பாதிகூட இருக்காது.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று கீழே வைத்துவிட்டுப் போகாதீர்கள். போன குளிர்காலத்தில் ஒரு கடையின் மூலையில், காய்ந்த லாவண்டர் கொத்தைத் தாங்கிக்கொண்டு ஒரு பித்தளைச் சொம்பு நின்றது. 'இந்தியப் பூச்சாடி, மூன்று பவுண்டு' என்று சீட்டு. பூவை எடுத்துவிட்டுத் திருப்பினேன். கழுத்துக்குக் கீழே, பாத்திரக்கடையில் புள்ளிபுள்ளியாக வெட்டிய தமிழ் எழுத்துகள். மூன்று எழுத்தும் 12.9.62 என்று ஒரு தேதியும். யாருடைய கல்யாணச் சீரோ. வீட்டில் ஏற்கெனவே நாலு சொம்பு இருக்கிறதே என்று வைத்துவிட்டு, நீச்சல் குளம் வரை போய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தேன். கல்லாவிலிருந்த அம்மையார், "அந்தப் பூச்சாடியா? இப்போதுதான் போனது" என்றார். லாவண்டரை மட்டும் கல்லா மேல் வைத்திருந்தார்கள்.