ஒரே ஸ்பீக்கர், இரண்டு பாட்டுச் செயலி: ஒலி ஏன் மாறுகிறது?

போன், கேபிள், ஸ்பீக்கர் எல்லாம் அதேதான். ஆனாலும் ஒரு செயலியில் மந்தமாக இருக்கும் பாட்டு இன்னொன்றில் துள்ளுகிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து புது ஸ்பீக்கர் வாங்க ஈப்போவுக்குக் கிளம்புமுன் இதைச் செய்து பாருங்கள்.

படி 1: புளூடூத்தை விட்டுவிட்டுக் கேபிளில் இணையுங்கள். புளூடூத் எந்தச் செயலியின் ஒலியையும் மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். ஈக்குவலைசர் (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு), டால்பி அட்மாஸ் இரண்டையும் அணையுங்கள். அட்மாஸ் என்பது சுற்றிலுமிருந்து கேட்பதுபோலத் தனியாகக் கலந்த ஒலி. அதில் பாடகர் குரல் பின்னுக்குப் போயிருக்கலாம்.

படி 2: தரத்தைப் பாருங்கள். ஸ்பாட்டிஃபையில் 'ஆட்டோமேட்டிக்' இருந்தால், செம்பனைத் தோட்டத்துக்குள் லைன் குறையும்போது தரமும் தானாக இறங்கும். 'லோ' என்பது நொடிக்கு 24 கிலோபிட், 'வெரி ஹை' 320. லோவில் ஜால்ரா ஒலி 'ஸ்ஸ்ஸ்' என்று கரைந்துவிடும். வைஃபை, மொபைல் டேட்டா, பதிவிறக்கம் மூன்றுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. பலர் ஒன்றை மாற்றிவிட்டு மற்ற இரண்டை மறந்துவிடுகிறார்கள். லைன் சரியில்லாத வீடென்றால், வைஃபை உள்ள இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு சோதிப்பதே நல்லது.

படி 3: இரண்டிலும் ஒரே பதிவுதானா? பழைய பாட்டு என்றால் மூல ஆல்பம், தொகுப்பு, ரீமாஸ்டர் (பழைய பதிவை மறுபடி மெருகேற்றியது) என்று பல இருக்கும். ஆல்பம் பெயரையும் பாட்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். 4:32, 4:39 என்று வந்தால் வேறு பதிவாக இருக்கலாம்.

படி 4: குழப்பத்தில் பெரும்பங்கு இங்கேதான். பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமலிருக்கச் செயலிகள் தங்களுக்கென ஓர் அளவு வைத்திருக்கின்றன. ஸ்பாட்டிஃபையின் இயல்பு அளவு -14 லஃப்ஸ் (சத்தத்தின் அலகு; ஒரு லஃப்ஸ் வித்தியாசம் ஒரு டெசிபல்). ஆப்பிள் மியூசிக்கில் இதே வேலையைச் செய்யும் சவுண்ட் செக் ஏறத்தாழ -16, அதாவது சத்தம் சற்றுக் குறைவு. இந்த 2 டெசிபல் வித்தியாசத்தைக் காது 'சத்தம் கூட' என்று சொல்லாது; 'தெளிவு கூட, பேஸ் கூட' என்றுதான் சொல்லும். ஸ்பாட்டிஃபையில் சத்தத்தைச் சமன்செய்யும் நார்மலைசேஷனையும் ஆப்பிளில் சவுண்ட் செக்கையும் அணையுங்கள்.

அணைத்தாலும் அளந்து பாருங்கள். இன்னொரு போனில் டெசிபல் மீட்டர் செயலியைத் திறந்து, உட்காரும் இடத்தில் அசையாமல் வையுங்கள். பாட்டின் அதே 30 வினாடியை இரண்டிலும் ஓட்டி, அளவு 1 டெசிபலுக்குள் வரும்வரை ஆம்பிளிஃபையர் குமிழைத் திருகுங்கள். போனின் வால்யூம் பட்டன் ஒரே அழுத்தில் அதிகம் தாவிவிடும், அதைத் தொட வேண்டாம்.

படி 5: வீட்டில் ஒருவரைச் செயலியை மாற்றச் சொல்லி, ஓடுவது எந்தச் செயலி என்று பார்க்காமல் 10 முறை சொல்லுங்கள். 5, 6 சரியென்றால் அது வெறும் ஊகம். 9 சரியென்றால் வித்தியாசம் உண்மையிலேயே இருக்கிறது. காதுக்குப் பிடித்த செயலிக்கே சந்தா கட்டுங்கள்.