கட்சி மாறிய மாகாண சபைக்காரரின் வரலாற்றை எழுதுவது எப்படி?

எங்கள் பக்கத்து முன்னாள் மாகாண சபை உறுப்பினருக்கு மணிவிழா மலர் போட்டார்கள். வாழ்க்கைக் குறிப்பு என் தலையில் விழுந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதி மேடையில் வாசித்தேன். பின்வரிசையிலிருந்து பழைய தோட்டத் தலைவர் ஒருவர் எழும்பினார். "நடுவுல ரெண்டு வருசம் எங்க சங்கத்துல இருந்தாரே மாஸ்டர், அத காணோம்?" மண்டபமே சிரித்தது.

அதனால் முதலில் கொப்பியில் மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: சின்னம், கட்சி, தொழிற்சங்கம். இலங்கை மலையகத்தில் இவை மூன்றும் வேறு வேறு. சின்னம் மாறியதைப் பார்த்து 'தாவிவிட்டார்' என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சொந்தச் சின்னம் சேவல். நுவரெலியாவில் அவர்கள் பாராளுமன்றத் தேர்தலில் நின்றதோ 2015இல் வெற்றிலை, 2020இல் மொட்டு, 2024இல் யானை. கட்சி என்னவோ அதேதான்.

சின்னத்துக்குத் துண்டுப்பிரசுரங்களைத் தேடுங்கள். மத்திய மாகாண சபைக்கு 1988, 1993, 1999, 2004, 2009, 2013 என ஆறு தேர்தல்கள்தான் நடந்தன. ஊவாவில் கடைசித் தேர்தல் 2014இல். ஆகவே பெரிய வேலையில்லை. ஆனால் அவர் வீட்டில் கேட்காதீர்கள், வேண்டாதது அங்கே இருக்காது. ஆதரவாளர் வீட்டு ட்ரங்குப் பெட்டியின் அடியில் விரித்திருப்பார்கள். எனக்குக் கிடைத்த இரண்டிலும் படம் ஒன்றுதான், அதே கோட், அதே மீசை. சின்னமும் விருப்பு வாக்கு இலக்கமும் மட்டும் வேறு.

உண்மையான தாவல் தெரிவது சங்கத்தில்தான். இங்கே அரசியல்வாதியின் பலம் சங்கத்துக்குத் தொழிலாளர் கட்டுகிற சந்தா. அவர் மாறினால் கூடப் போகிறவர்களின் சந்தாவும் மாறவேண்டும், அது சம்பளத்தில் பிடிக்கிற காசு. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாராவது பழைய சம்பளச் சீட்டுகளை ரப்பர் பட்டி போட்டு வைத்திருப்பார்கள். எந்த மாதத்திலிருந்து எந்தச் சங்கத்துக்குப் பிடித்தார்கள் என்று பாருங்கள். மேடைப் பேச்சை விட அதை நம்பலாம். ஒப்பிட்டுப் பார்க்க, அவர் பெயர் உள்ள ரோட்டோர நினைவுக்கல்லின் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பிரதியை அவரிடம் காட்டுங்கள். 'மக்கள் நலன் கருதி இணைந்தார்' என்று ஓரத்தில் எழுதித் தருவார். மறுக்காமல் வாங்கிக்கொண்டு, மலரில் மாதத்தையும் வருடத்தையும் மட்டும் போடுங்கள். நான் அப்படித்தான் திருத்திக் கொடுத்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குப் பிளேன்டீ மட்டும் சீனியில்லாமல் வந்தது.