தொட்டி எலுமிச்சை மஞ்சளானால்: உரப் பையைத் தொடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

எங்கள் சென்னை வீட்டுக் கூடத்தில், கிழக்கு ஜன்னலோரம் 14 அங்குல மண்தொட்டியில் ஓர் எலுமிச்சை நிற்கிறது. போன வருடம் அதில் வந்த துளிரெல்லாம் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சையாக, மீன்முள் மாதிரி தெரிந்தது. மண்புழு உரம் போட்டேன், வேப்பம் புண்ணாக்கு போட்டேன். எதிர்வீட்டு மாமி சொன்னார் என்று புளித்த மோரும் ஊற்றினேன். நான்கு மாதம் ஓடியதுதான் மிச்சம். தப்பு எங்கே என்று புரிந்த பிறகு ஆறே வாரத்தில் பச்சைத் துளிர் வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

1. எந்த இலை மஞ்சள்?

தழைச்சத்தும் மக்னீசியமும் போதாதபோது, பழைய இலையில் இருப்பதை எடுத்துச் செடி துளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைதான் முதலில் வெளிறும். முழு இலையும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. ஓரமெல்லாம் மஞ்சளாகி, காம்பருகே பச்சை முக்கோணம் மட்டும் மிஞ்சினால் மக்னீசியம். அதற்கு எப்சம் உப்பு போதும்.

இரும்பை அப்படி இடம் மாற்றச் செடியால் முடியாது. ஆகவே அது குறைந்தால் நுனித் துளிர்தான் மஞ்சளாகும், நரம்பு பச்சையாகவே இருக்கும். துளிர் இலை சிறுத்துக் குறுகி, மஞ்சள் திட்டுகளோடு வந்தால் துத்தநாகத்தைச் சந்தேகியுங்கள். இதற்கு நேர் எதிராக, நரம்பு மஞ்சளாகி நடுப்பகுதி பச்சையாக இருந்தால் வேரில் கோளாறு. ஊசியால் குத்தியது போலப் பொடிப் பொடி மஞ்சள் புள்ளியும் இலைக்கடியில் நூலாம்படையும் இருந்தால் செஞ்சிலந்தி. இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவி, வேப்பெண்ணெய் தெளியுங்கள். எங்கோ ஓரிரு கிழட்டு இலை பழுத்து விழுந்தால் அது இயற்கை, விட்டுவிடலாம்.

2. ஈரம்

இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் மலிவு விலை ஈரமானியை வாங்காதீர்கள். நான் வாங்கியது, நனைந்த மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் ஒரே எண்ணைக் காட்டியது. ஒரு மூங்கில் குச்சியை 3 அங்குலம் இறக்கி எடுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் குச்சியும் ஒருமுறை என்னை ஏமாற்றியது. நர்சரியில் செடியைக் களிமண் உருண்டையோடு தருவார்கள் இல்லையா, அதை அப்படியே தொட்டியில் இறக்கியிருந்தேன். சுற்றியிருந்த கலவை மட்டும் நனைந்து காய, நடுவிலிருந்த உருண்டை வாரக்கணக்கில் சேறாகவே கிடந்திருக்கிறது. செடியை வெளியே எடுத்தபோது அடிவேர் கறுத்து, சாக்கடை நாற்றம். உங்கள் செடியிலும் அந்த உருண்டை இருந்தால் ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கக் களிமண்ணை விரலால் கரைத்துவிடுங்கள். அழுகிய வேரை மட்டும் வெட்டுங்கள். இதை மாலையில் செய்வது நல்லது. பிறகு ஒரு வாரம் நேர் வெயில் படாமல் வையுங்கள். சித்திரை, வைகாசியில் இந்த வேலையே வேண்டாம்.

3. தண்ணீர்: நான் வழுக்கி விழுந்த இடம்

ஆர்.ஓ. இயந்திரம் கழித்து வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாதென்று தினமும் எலுமிச்சைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். சிக்கனம் என்று பெருமை வேறு! எங்கள் போர் தண்ணீரே கடின நீர். அதிலிருக்கும் உப்பும் காரமும் இன்னும் செறிந்து வருவதுதான் அந்தக் கழிவு நீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுண்ணாம்பு என்று துடைத்துவிட்டுப் போனேனே தவிர, யோசிக்கவில்லை.

எலுமிச்சைக்கு மண்ணின் பி.ஹெச். (அமிலமா காரமா என்று காட்டும் எண், கூடினால் காரம்) 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சுகம். காரம் ஏற ஏற, மண்ணில் இருக்கும் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடும். பந்தியில் உட்கார்த்திக் கையைக் கட்டிப்போட்ட கதைதான். அந்த நிலையில் எத்தனை கூடை உரம் போட்டாலும் செடிக்குப் பயனில்லை.

தண்ணீரைச் சோதிப்பது சுலபம். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் பி.ஹெச். சொட்டு மருந்து போதும். எண் காட்டும் பேனாவை அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருப்பதால் எனக்கு அது பிடிக்காது. ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது.

4. அரை இலைச் சோதனை

இரும்புதானா என்று உறுதி செய்ய இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. 200 மி.லி. குடிநீரில் அரை கிராம் பெரஸ் சல்பேட், ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டுக் கலக்குங்கள். பெரஸ் சல்பேட்தான் பழைய ஆட்கள் அன்னபேதி என்பது, உரக்கடையில் கிடைக்கும். வெளிர் பச்சையாக இருப்பதை வாங்குங்கள், பழுப்பேறியது வேண்டாம். ஒரு மஞ்சள் துளிரில் பாதியில் மட்டும் தூரிகையால் தடவி, நூல் கட்டி அடையாளம் வையுங்கள். பத்து நாளில் தடவிய இடம் பச்சை பிடித்தால் இரும்புதான்.

5. வைத்தியம்

தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரையோ குடிநீரையோ மெதுவாக ஊற்றி, அடியில் வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள். அதன் பிறகு போர் தண்ணீர்தான் கதி என்றால் எலுமிச்சை உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து, சொட்டு மருந்தில் 6.5 வரும்வரை இறக்குங்கள். இத்தனை கிராம் என்று நான் சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு தண்ணீர் வேறு.

அடுத்தது இரும்பு. அன்னபேதியைக் கார மண்ணில் கொட்டினால் சீக்கிரமே துருவாகிக் கிடக்கும், செடிக்குப் போகாது. மண்ணுக்கு என்றால் கீலேட் இரும்பு, அதாவது துருவாகாமல் வேறொரு பொருள் பிடித்து வைத்திருக்கும் இரும்பு, வாங்குங்கள். அதிலும் வகை பார்க்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை பி.ஹெச். 6.5க்கு மேல் தாக்குப்பிடிக்காது, டி.டி.பி.ஏ. 7.5 வரை வரும். எங்கள் தண்ணீருக்கு இ.டி.டி.ஹெச்.ஏ. வகைதான் சரிப்பட்டது. விலை அதிகம், ஆனால் கொஞ்சம் போதும். அளவைப் பாக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கரைத்தால் இரத்தச் சிவப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். பழைய மஞ்சள் இலைகள் முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். புதுத் துளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை

ஏ.சி. தண்ணீர் ஊற்றலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உப்பு மிகக் குறைவுதான், போர் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றலாம். குழாயில் பாசி நாற்றம் இருந்தால் வேண்டாம்.

இன்னொருவர் இலை நுனி கருகிவிட்டது என்றார். அன்னபேதியை உச்சி வெயிலில் தெளித்திருக்கிறார். சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும்.

ஒரு வாசகி அனுப்பிய படத்தில் இலையின் ஒரு பாதிக்கும் மறு பாதிக்கும் பொருந்தாத மஞ்சள் திட்டுகள் இருந்தன. சத்துக் குறைவென்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். இப்படிக் கோணல்மாணலாக வந்தால் கிரீனிங் நோயாக இருக்கலாம். சிறு பூச்சி பரப்பும் பாக்டீரியா நோய் அது, மருந்து கிடையாது. செடியைத் தனியே வைத்து, வேளாண் ஆட்களிடம் காட்டச் சொன்னேன்.

தரை டைல்ஸில் துருக்கறை விழுந்துவிட்டதா? எங்கள் வீட்டிலும் விழுந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எலுமிச்சை உப்புக் கரைசலில் துணியை நனைத்து அரை மணி நேரம் போட்டு வைத்துத் துடைத்தால் போய்விடும். மார்பிள் தரையில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கல்லை அரித்துவிடும்.