விழுந்த வண்டியைத் தூக்கியதும் சாவியைத் திருகாதீர்கள்

ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு. தடுப்புச் சுவர்மேல் வரையாடு ஒன்று நிற்கிறதே என்று ஓரங்கட்டினேன். வலது காலை ஊன்றிய இடத்தில் தரை நான் நினைத்ததைவிட நான்கு விரல் பள்ளம். என்னுடையது ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக். வண்டி மட்டுமே ஏறக்குறைய 200 கிலோ, பின்னால் இரண்டு பக்கமும் பைகள் வேறு. ஓர் அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எந்தப் பயில்வானாலும் பிடித்து நிறுத்த முடியாது. மெதுவாகப் படுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நான் செய்த தவறுகளுக்கெல்லாம் வெட்கம்தான் காரணம். போட்டோ எடுக்க வந்த கூட்டம் பார்க்கிறதே என்று அவசர அவசரமாக நிமிர்த்தி, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பப் பார்த்தேன்.

முதலில் இன்ஜினை உடனே நிறுத்தும் கில் சுவிட்சைத்தான் அணைத்திருக்க வேண்டும். படுத்த நிலையில் இன்ஜின் ஓடினால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்புக்குச் சரியாகக் கிடைக்காது. சாய்ந்தால் தானாகவே இன்ஜினை நிறுத்தும் சென்சார் பல வண்டிகளில் உண்டு. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். அப்படி நின்ற வண்டி, சாவியை ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். இது தெரியாமல் ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்தி பேட்டரியைக் காலி செய்தவர்கள் உண்டு.

அடுத்தது தூக்குவது. இடுப்பை வளைத்து ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்தால் முதுகு போய்விடும். உதவிக்கு ஓடி வருபவர்கள் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பார்கள். என் பின் இண்டிகேட்டர் உடைந்தது விழுந்ததில் அல்ல, தூக்கியதில். பைகளை முதலில் கழற்றுங்கள். வண்டி வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டு மேலே இருக்கும், அதை அப்போதே விரித்துவிடுங்கள். முதல் கியரில் போட்டுவிட்டால் உருளாது. இந்த இரண்டையும் மறந்தால், நிமிர்ந்த வேகத்திலேயே வண்டி மறுபக்கம் சாயும். ஹேண்டில்பாரைத் தரைப் பக்கமாக முழுக்கத் திருப்பி, சீட்டின் ஓரத்தில் பின்புறத்தை முட்டுக்கொடுத்து உட்காருவதுபோல் நின்று, ஒரு கை ஹேண்டில்பார் பிடியிலும் மறு கை சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியிலுமாக, சின்னச் சின்ன அடியாகப் பின்னோக்கி நடக்க வேண்டும். பாரத்தைக் கால்கள் தூக்கும்.

நிமிர்த்தியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் வாசனை வருகிறதா, கீழே ஆயிலோ கூலன்ட்டோ சொட்டுகிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் நேராக நிற்கவிட்டு இன்ஜின் பக்கவாட்டில் உள்ள ஆயில் கண்ணாடியில் அளவைப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்தால் முதலில் கொஞ்சம் புகை தள்ளும், போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் ஸ்டார்ட்டரை அழுத்தும்போது இன்ஜின் சுற்றாமல் ‘டொக்’கென்று நின்றால், மறுபடி அழுத்தக் கூடாது. சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ நிறைந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் முயன்றால் பிஸ்டனோடு சேர்ந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம்.

அன்று என் கண் முழுக்க டேங்க் மேல் விழுந்த கீறலில்தான் இருந்தது. நியூட்ரலில் ஸ்டார்ட் செய்தேன். பழக்க தோஷத்தில் ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினேன், அது திரும்பி வரவில்லை. இன்ஜின் அலறியது. விழுந்த அடியில் ஹேண்டில்பார் நுனியில் இருந்த எடை உள்ளே தள்ளப்பட்டு ரப்பர் பிடியைக் கவ்விக்கொண்டிருந்தது. கியரில் இருந்திருந்தால் அடுத்த வளைவை நான் எப்படித் திரும்பியிருப்பேன் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஹேண்டில்பாரை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பி, ஒவ்வொரு கோடியிலும் ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். ‘டப்’பென்று தானாகத் திரும்ப வேண்டும்.

அப்புறம் பிரேக். வண்டி படுத்துக் கிடந்த நேரத்தில் பிரேக் ஆயில் டப்பாவில் உள்ள காற்று குழாய்க்குள் போயிருக்கலாம். லிவர் கெட்டியாக இல்லாமல் பஞ்சுபோல் அமுங்கினால், பலமுறை அழுத்திப் பாருங்கள். அப்போதும் கெட்டிப்படாவிட்டால் மலை இறங்காதீர்கள்.

ஹேண்டில்பார் கோணலாகத் தெரிந்தால் அது வளைந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் தன் பிடிகளுக்குள் லேசாக முறுக்கிக்கொண்டிருக்கலாம். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்து ஹேண்டில்பாரைத் திருப்பினால் சில நேரம் நேராகும். ஆனால் ஒழுங்கான வழி, பட்டறையில் கிளாம்ப் போல்ட்டுகளையும் ஆக்ஸிலையும் தளர்த்தி, ஃபோர்க்கை நாலு முறை அமுக்கி, மறுபடி சரியான அளவில் முறுக்குவது. சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டி ‘பெண்டு எடுத்துட்டேன் சார்’ என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். அலுமினிய லிவரை வளைந்த இடத்திலிருந்து மறுபடி வளைத்தால் பெரும்பாலும் விரிசல் விடும். பாதி உடைந்த லிவரோடு ஊர் போய்ச் சேரலாம். விரிசல் விட்டது எப்போது கையோடு வரும் என்று சொல்ல முடியாது. இன்ஜினைக் காக்கும் கம்பியான கிராஷ் கார்டு விஷயத்திலும் இப்படித்தான். கம்பி நேராகத் தெரிந்தாலும், அது இன்ஜினோடு சேரும் போல்ட் வளைந்திருக்கலாம்.

டேங்கில் ஊசித் துளை விழுந்து பெட்ரோல் கசிந்தால், துணி துவைக்கும் சோப்பை நனைக்காமல் அப்படியே அழுத்தித் தேய்த்தால் பட்டறை வரை தாங்கும். ஆயில் கசியும் விரிசலுக்குப் பட்டறை வரை எம்-சீல் போதும், ஆனால் இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும்.

இன்சூரன்ஸ் கேட்பதாக இருந்தால் பழுது பார்ப்பதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லி, படங்கள் எடுத்து வையுங்கள். ஒரு லிவருக்கும் இண்டிகேட்டருக்கும் கேட்பது நஷ்டம். கிளெய்ம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ், தொடர்ந்து ஐந்து ஆண்டு கேட்காமல் இருந்தால் 50 சதவீதம் வரை வரும். ஒரு சின்னக் கிளெய்மில் அத்தனையும் போய்விடும்.

வீடு வந்ததும் கிளட்ச், பிரேக் லிவர்களின் கிளாம்ப் போல்ட்டைக் கொஞ்சம் இளக்கி வைத்தேன். கையால் பலமாகத் தள்ளினால் மட்டும் திரும்பும் அளவு. சில மாதங்கள் கழித்து எங்கள் தெரு முனையிலேயே, ஈர மண்ணில் சைடு ஸ்டாண்டு புதைந்து மறுபடி சாய்ந்தது. லிவர் மேல்நோக்கித் திரும்பிக்கொண்டு நின்றது. உடையவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும் என்று முதலில் பைகளைக் கழற்றினேன்.